கிராமக் கிளினிக்குக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். அந்தச் செல்வத்தைக் காப்பதற்கும் ஒரு செல்வம் வேண்டும். அதுதான் பணம். தாதி ஒருவர் பொறுப்பேற்று நடத்தும் சிறு கிளினிக் ஒன்று ஆண்டுக்கணக்கில் மூடாமல் நடக்கவேண்டுமானால், அதற்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும், எப்படி வரவேண்டும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ‘அது அரசாங்கத்தின் பாடு, நமக்கென்ன’ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இது நம் வீட்டுப் பெண்களின் பிள்ளைப்பேற்றையும், நம் பிள்ளைகளின் தடுப்பூசியையும், நம் பெரியவர்களின் இனிப்பு நீரையும் தொட்ட காரியம்.

முதலில் அந்தக் கிளினிக் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சாலையோரத்தில் ஒரு சிறிய கட்டடம். வாசலில் ‘கிளினிக் டேசா’ என்று பலகை. உள்ளே டாக்டர் இருக்கமாட்டார். நம் பெண்கள் ‘மிஸ்ஸி’ என்று அழைக்கும் சமூகத் தாதிதான் அங்கே எல்லாம். கர்ப்பிணியின் எடையைப் பார்ப்பார், இரத்த அழுத்தம் பார்ப்பார், சிறுநீரைச் சோதிப்பார். குழந்தைக்கு ஊசி போடுவார், வளர்ச்சியை அட்டையில் குறிப்பார். பிள்ளை பெற்றவளைத் தேடி முதல் இருபது நாள்களுக்குள் பலமுறை வீட்டுக்கே வருவார். இத்தகைய கிளினிக்குகள் நம் நாட்டில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் இருக்கின்றன.

‘டாக்டர் இல்லாத இடத்தில் என்ன வைத்தியம்?’ என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு விடை, கர்ப்பிணியின் புத்தகத்தில் ஒட்டப்படும் நிற அடையாளத்தில் இருக்கிறது. ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவளுக்குச் சிக்கல் ஏதுமில்லை என்றால் வெள்ளை நிறம். தாதியே கவனித்துக்கொள்ளலாம். சிறிது கவனம் வேண்டும் என்றால் பச்சை. டாக்டரின் ஆலோசனையோடு தாதி பார்ப்பார். மஞ்சள் என்றால் டாக்டரிடம் அனுப்பியாக வேண்டும். சிவப்பு என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு. எந்த அறிகுறிக்கு எந்த நிறம் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எதைத் தாமே பார்க்கலாம், எதை எப்போது மேலே அனுப்பவேண்டும் என்று தாதிக்குத் தெரியும். இதனால் பெரிய ஆஸ்பத்திரியின் கூட்டம் குறைகிறது. சிவப்பு நிறத்துத் தாய்க்கு அங்கே இடமும் கிடைக்கிறது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் முளைத்ததல்ல. 1953ஆம் ஆண்டில் மலாயாவில் கிராமச் சுகாதாரச் சேவைத் திட்டம் தொடங்கியது. ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், அதன்கீழ் பத்தாயிரம் பேருக்கு ஒன்றாக நான்கு துணை நிலையங்கள், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று கணக்கு வகுத்தார்கள். மருத்துவச்சி குடியிருக்க வீடும் அந்தக் கிளினிக்கோடு சேர்ந்தே இருந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் வந்த ஐந்தாண்டுத் திட்டங்களில் இது விரிந்தது. 1970களில் மூன்று படியை இரண்டு படியாகக் குறைத்தார்கள். மருத்துவச்சி கிளினிக், கிராமக் கிளினிக் ஆயிற்று. மருத்துவச்சிக்கு மேலும் பயிற்சி அளித்துச் சமூகத் தாதி ஆக்கினார்கள். பிள்ளைப்பேறு மட்டும் பார்த்தவர், குழந்தை நலம், குடும்ப நலம், சிறு நோய்களுக்கு மருந்து என்று எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினார்.

பலன் என்ன? 1957இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் அது 10க்கும் கீழே வந்துவிட்டது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 280 தாய்மார் அளவில் இறந்த நிலை மாறி, 1990களில் அது 50க்கும் கீழே இறங்கியது. நல்ல தண்ணீர், சாலை, பெண்களின் படிப்பு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. என்றாலும் வீட்டுக்கு அருகே ஒரு தாதி இருந்தாள் என்பதை மறுக்க முடியாது. மலேசியாவும் இலங்கையும் அதிகச் செலவில்லாமல் தாய்மாரைக் காப்பாற்றியது எப்படி என்று உலக வங்கி 2003இல் ஒரு நூலே வெளியிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் யுனிசெப், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவை கைகொடுத்தன. கெடாவின் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி நடந்தது. வெளியார் உதவி பயிற்சிக்கும் கருவிகளுக்கும் பயன்பட்டது. ஆனால் தாதியின் மாதச் சம்பளத்தை அரசாங்கம் தன் வருமானத்திலிருந்தே கொடுத்தது. ஆகவே வெளியார் போன பின்னும் கிளினிக் நின்றது. ஒருநாள் கூத்துக்கு மீசை சிரைத்த கதையாக அது முடியவில்லை.

சரி, தோட்டத்து மக்களாகிய நாம் அப்போது எங்கே இருந்தோம்? தோட்டம் தனியார் நிலம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வது முதலாளியின் பொறுப்பு என்று வைத்துவிட்டார்கள். நமக்கு வாய்த்தவர் டிரஸ்ஸர். காய்ச்சலுக்கு மருந்து, கத்தி வெட்டுக்குக் கட்டு, பிள்ளைக்குப் பூச்சி மருந்து எல்லாம் அவர் கையால்தான். பல தோட்டங்களில் டிரஸ்ஸர்கள் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள்; அதை மறக்கக்கூடாது. அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமும் வந்தது. 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் தோட்ட முதலாளியின் மருத்துவப் பொறுப்பைச் சொல்கிறது.

இதனால் ஒரு விளைவு ஏற்பட்டது. 1960களில் துன் அப்துல் ரசாக் கிராம மேம்பாட்டை நடத்தியபோது ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘சிவப்புப் புத்தகம்’ ஒன்றை வைத்தார்கள். எந்தக் கிராமத்துக்குச் சாலை, எந்தக் கிராமத்துக்குக் கிணறு, எங்கே கிளினிக் என்று அதில் எழுதினார்கள். எழுதிய தேவைக்குப் பணம் வந்தது. தோட்டங்களின் தேவையோ முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பொதுச் சுகாதார மருத்துவச்சியைக் கிராமந்தோறும் கொண்டுசென்றது. தேயிலைத் தோட்டங்களின் மருத்துவம் மட்டும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. அங்கேயும் தோட்டத்துத் தாய்மாரும் குழந்தைகளும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே நின்றார்கள்.

முதலாளி கொடுக்கும் பணத்தில் ஒரு கிளினிக் நடந்தால், தோட்டம் இருக்கும்வரைதான் கிளினிக் இருக்கும். நம் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆல்மா என்றால் இன்று வீடமைப்புப் பகுதியும் கடைவீதியும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம், இன்று தொழிற்பேட்டை. 2014 மார்ச்சில் திறந்த இரண்டாம் பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. தோட்டம் கைமாறியபோது லயமும் போயிற்று, ஆயாக் கொட்டகையும் போயிற்று, டிரஸ்ஸர் அறையும் போயிற்று. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நிலம் விற்கப்பட்ட சில மாதங்களில் மருந்து அறைக்குப் பூட்டு விழுந்தது. அங்கிருந்த நோயாளிகளின் பழைய குறிப்புகளை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று கேட்டபோது பதில் சொல்ல ஒருவரும் இல்லை. பத்து ஆண்டு இரத்த அழுத்தத்தோடு இருந்த பெரியவர், அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பின், புது நோயாளியாகத் தொடங்கவேண்டியதாயிற்று.

அரசாங்கம் நடத்தும் கிளினிக்குக்கு இந்த ஆபத்து இல்லையா என்றால், வேறு விதமான ஆபத்து உண்டு. அதைப் புரிந்துகொள்ள அரசாங்கத்தின் பணப்பை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

நம் கூட்டரசு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மருத்துவமும் சுகாதாரமும் மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கிளினிக்கின் பெரும் பணம் மாநிலத்திலிருந்து வருவதில்லை, புத்ராஜெயாவிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்கிறார். அதில் இரண்டு பைகள் உண்டு. ஒன்று மேம்பாட்டுச் செலவு. கட்டடம், பெரிய கருவி போன்றவை இதில் அடங்கும். ஐந்தாண்டுத் திட்டத்தோடு இது இணைந்தது. கடன் வாங்கியும் செய்யலாம். மற்றொன்று நிர்வாகச் செலவு. சம்பளம், மருந்து, தடுப்பூசி, மின்சாரக் கட்டணம், வண்டிக்கு எண்ணெய், கூரை பழுதுபார்ப்பு எல்லாம் இந்தப் பையிலிருந்து வரவேண்டும். இதற்குக் கடன் வாங்கக்கூடாது. அந்தந்த ஆண்டு வரி வருமானத்திலிருந்தே கொடுக்கவேண்டும் என்பது நம் அரசாங்கத்தின் முறை.

வீடு கட்டுவதும் குடும்பம் நடத்துவதும் வேறு வேறு அல்லவா? கடன் வாங்கி வீடு கட்டிவிடலாம். அடுப்பில் உலை வைக்க மாதாமாதம் சம்பளம் வேண்டும். கிளினிக்கும் அப்படித்தான். கட்டடம் திறக்கும் நாளில் ரிப்பன் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். தாதிக்கான பதவிக்கு அனுமதி கிடைத்ததா, மருந்துக்கான தொகை அடுத்த ஆண்டும் வருமா என்ற கேள்விகளுக்கு ரிப்பனும் இல்லை, படமும் இல்லை. பதவிக்கு அனுமதி என்பது தனிக் காரியம். கட்டடம் இருந்து பதவி இல்லையென்றால், வேறு கிளினிக்கின் தாதியை வாரத்தில் ஓரிரு நாள் இரவல் வாங்கவேண்டும். அப்போது அந்தக் கிளினிக்கிலும் வேலை கெடும்.

ஆகவே நிலையான பணம் என்பதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்லலாம். முதலாவது, அது ஆண்டுதோறும் வரும் நிர்வாகச் செலவில் இடம்பெறவேண்டும்; ஒரு முறை கொடுக்கும் மான்யமாக இருக்கக்கூடாது. இரண்டாவது, தாதியின் பதவி நிரந்தரப் பதவியாக இருக்கவேண்டும். மூன்றாவது, மக்கள் தொகையும் விலைவாசியும் ஏறும்போது அந்தத் தொகையும் ஏறவேண்டும். சென்ற ஆண்டுத் தொகையையே இந்த ஆண்டும் கொடுத்தால், கொடுத்தது போலவும் இருக்கும், குறைத்தது போலவும் இருக்கும்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டில் நகர்ப்புற ஏழை மக்களுக்காக ‘கிளினிக் 1மலேசியா’ என்ற பெயரில் சிறு கிளினிக்குகளைத் திறந்தார்கள். மருத்துவ உதவியாளரும் தாதியும் நடத்தினார்கள். கட்டணம் ஒரு வெள்ளி. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த நம்மவர்கள் பலருக்கு அது உதவியது. ஆனால் பல கிளினிக்குகள் வாடகைக் கடைகளில் நடந்தன. வாடகை ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய செலவு. 2018இல் அரசாங்கம் மாறியபின் பெயரும் ‘கிளினிக் கொமுனிட்டி’ என்று மாறியது. சில இடங்களில் கிளினிக் மூடப்பட்டது. 1950களில் தொடங்கிய கிராமக் கிளினிக்கோ, எத்தனையோ ஆட்சி மாற்றங்களையும் தாண்டி நிற்கிறது. சுகாதார அமைச்சின் நிரந்தர அமைப்பில் அது வேர் விட்டிருப்பதே காரணம்.

பெரிய பணம் மேலிருந்து வந்தாலும், சிறிய பணம் தாதியின் கைக்கு எட்டவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. இதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. அதைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் நடத்துகிறார். 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாயைக் கட்டுப்பாடில்லாத நிதியாகக் கொடுத்தது. செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அந்தப் பணத்தை எடுக்கலாம். குழாய் உடைந்ததா, விளக்கு எரியவில்லையா, ஆபத்தான நோயாளிக்கு வண்டி வேண்டுமா? மேலிடத்துக்கு எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. ஊர் மக்களின் பிரதிநிதியும் கையெழுத்திடுவதால் கணக்கும் ஊருக்குத் தெரியும். தொகை சிறிது, ஆனாலும் கிளினிக் எங்களுடையது என்ற எண்ணத்தை அது ஊருக்குக் கொடுத்தது.

1978 செப்டம்பரில் அல்மா அத்தா நகரில் உலக நாடுகள் கூடி, அடிப்படைச் சுகாதாரம் எல்லா மக்களுக்கும் கிட்டவேண்டும் என்று பிரகடனம் செய்தன. நம் ஊர் ஆல்மா அல்ல, நேயர்களே. அன்றைய சோவியத் நாட்டில் இருந்த நகரம். இன்று அது கசகஸ்தானில் இருக்கிறது. மக்கள் தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு பெறுவது அவர்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்பது அந்தப் பிரகடனத்தின் கருத்துகளில் ஒன்று.

இனி நம் இன்றைய நிலையைப் பார்ப்போம். முன்பு தாதியின் முதல் கவலை பிரசவமும் குழந்தையும். இன்று இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிட்டன. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர்! இதைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்க ஒரு சொட்டு இரத்தமும் ஒரு தாதியும் போதும். கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் கெட்டால், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கவேண்டும். அந்தச் செலவு குடும்பத்தையும் அழுத்தும், அரசாங்கத்தையும் அழுத்தும். ஆகவே தாதியின் கிளினிக்குக்குக் கொடுக்கும் வெள்ளி, பின்னால் செலவாகும் பல வெள்ளியை மிச்சப்படுத்துகிறது.

அரசாங்கமும் இதை உணராமல் இல்லை. 2024ஆம் ஆண்டுக்குச் சுகாதார அமைச்சுக்கு 4,120 கோடி வெள்ளியும், 2025ஆம் ஆண்டுக்கு 4,530 கோடி வெள்ளியும் ஒதுக்கப்பட்டன. 2023 ஜூனில் நாடாளுமன்ற மக்களவை சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. அரசாங்கத்தின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்துவதும், நோய் வந்தபின் பார்ப்பதைவிட வருமுன் காப்பதற்கு முதலிடம் கொடுப்பதும் அதன் நோக்கங்கள். நோக்கம் நல்லது. ஆனால் பெரும் தொகை ஒதுக்கப்பட்டால், பெரிய ஆஸ்பத்திரிகள் பெரிய குரலில் கேட்கும். மூலையில் இருக்கும் சிறிய கிளினிக்குக்கு யார் குரல் கொடுப்பது? அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!

அந்தக் குரல் நம்முடையதாக இருக்கவேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கிளினிக்கைப் பயன்படுத்துங்கள். எத்தனை கர்ப்பிணிகள் வந்தார்கள், எத்தனை ஊசி போட்டார்கள் என்று தாதி மாதந்தோறும் கணக்கு அனுப்புகிறார். அந்த எண்ணிக்கை குறைந்தால், ‘இங்கே தேவையில்லை’ என்று மேலிடம் நினைக்கும். வீடு மாறினால், புதிய இடத்துக் கிளினிக்கில் உடனே பெயரைப் பதியுங்கள். பழைய புத்தகத்தையும் மருந்துச் சீட்டையும் பத்திரமாகக் கொண்டுபோங்கள்.

இரண்டு, தோட்டம் விற்கப்படப் போகிறது என்று தெரிந்தால், வீட்டையும் நட்ட ஈட்டையும் மட்டும் பேசாதீர்கள். மருந்து அறையில் இருக்கும் நோய்க் குறிப்புகள் யாரிடம் போகும், அடுத்த கிளினிக் எங்கே என்று நிர்வாகத்தையும் சங்கத்தையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையும் முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்று, சுகாதார கிளினிக்குகளில் பொதுமக்கள் இடம்பெறும் ஆலோசனைக் குழு உண்டு. அதில் நம்மவர் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், படித்த இளைஞரோ, ஓய்வுபெற்ற டிரஸ்ஸரோ, பெற்றோர் சங்கத்துத் தாயோ முன்வரட்டும்.

நான்கு, எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் பேசியது காற்றோடு போகும். கடிதத்துக்குக் கோப்பு எண் விழும். ‘எங்களுக்கு வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எங்கள் பகுதியில் இத்தனை குடும்பம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இத்தனை பேர், அருகிலுள்ள கிளினிக் இத்தனை கிலோமீட்டர், பஸ் இத்தனை மணிக்கு ஒருமுறை என்று எண்ணி எழுதுங்கள். கேட்பது கட்டடமா, தாதியின் பதவியா, மருந்தா என்று பிரித்துச் சொல்லுங்கள். கடிதத்தை மாவட்டச் சுகாதார அதிகாரிக்கும், அதன் நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பணம் மத்திய அரசாங்கத்துடையது என்பதால் நாடாளுமன்ற உறுப்பினர் முக்கியம். அமைச்சுகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை ஆண்டின் முற்பகுதியிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. அக்டோபரில் எழுதினால் பந்தி முடிந்தபின் இலை போட்டது போலாகும். ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்தக் கணக்கை எடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனால் ஒரே வார இறுதியில் முடித்துவிடுவார்கள். கூட்டலும் விழுக்காடும் எதற்குப் படிக்கிறோம் என்று அவர்களுக்கும் விளங்கும்.

நேயர்களே, நம் தாத்தா பாட்டி காலத்தில் நமக்கு மருந்து கொடுப்பது தோட்டத்துரையின் கையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கும் நிலை நமக்கு இல்லை. இன்று நாம் வரி கொடுக்கும் குடிமக்கள். கடையில் வாங்கும் பொருளிலும் ஏதோ ஒரு வரி இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நம் வீட்டருகே இருக்கும் தாதியின் சம்பளமாகவும் குழந்தையின் ஊசியாகவும் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். இந்த வாரம் உங்கள் குடியிருப்பிலிருந்து அருகிலுள்ள கிராமக் கிளினிக் எவ்வளவு தூரம், அங்கே தாதி தினமும் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்து வையுங்கள். கடிதத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.